படிக்காமல் அமுக்கிய பட்டன்

என் கணவர் எதற்கும் எடுத்த எடுப்பில் சரி என்று சொல்ல மாட்டார். காவேரிப்பட்டினத்தில் எங்கள் வீட்டுக்குப் பெண் பார்க்க வந்த அன்று, கேசரியும் பஜ்ஜியும் சாப்பிட்டு முடித்து, "யோசனை பண்ணிச் சொல்றோம்" என்று பர்கூருக்குப் பஸ் ஏறிப் போன மனிதர். அடுத்த மாதம் மறுபடி வந்தார். மறுபடியும் பஜ்ஜி போட்டோம். "மாப்பிள்ளைக்குப் பொண்ணு புடிச்சிருக்கா, பஜ்ஜி புடிச்சிருக்கான்னு கேட்டுச் சொல்லுங்க" என்று என் அப்பா தரகரை விரட்டிய பிறகுதான் பதில் வந்தது.

கல்யாணத்துக்குப் பிறகு ஓசூருக்கு வந்தோம். அவர் ஒரு கியர் தொழிற்சாலையில் சேர்ந்து, சங்கத்தில் பொறுப்புக்கு வந்து, ஊதிய ஒப்பந்தப் பேச்சுவார்த்தைக்கு மேசையில் உட்காரும் ஆளாகவும் ஆகிவிட்டார். அப்போதுதான் நான் வியாதி என்று நினைத்தது வெளியே திறமை என்று பேர் வாங்கியிருப்பது தெரிந்தது. நிர்வாகம் காகிதத்தை நீட்டினால் கையில் வாங்க மாட்டாராம். மேசையில் வைக்கச் சொல்லி, கண்ணாடியைத் துடைத்து, முதல் எழுத்திலிருந்து படிப்பாராம். முந்நூறு பேர் அவரைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடினார்கள். அந்த மனிதரிடம் இட்லிக்குச் சட்னியா சாம்பாரா என்று கேட்டுவிட்டு, அடுப்புக்கு முன்னால் காத்துக்கொண்டு நிற்பவள் நான் ஒருத்திதான்.

நான் வேலை பார்ப்பது வேறு தொழிற்சாலை. கார்களுக்குள் ஓடும் ஒயர்க் கட்டுகளைச் செய்கிறோம். கடைசியாக அவற்றைத் தொட்டுப் பார்த்து, இழுத்துப் பார்த்து, முத்திரை குத்தி அனுப்புவது என் வேலை. லைனில் எல்லாரும் பெண்கள். கை வேலை செய்யும்போது வாய் சும்மா இருக்க முடியாமல் பாடுவோம். ஒருத்தி தமிழில் ஆரம்பிப்பாள், இன்னொருத்தி தெலுங்கில் முடிப்பாள், சூப்பர்வைசர் தலை தெரிந்தால் எல்லா மொழியிலும் நிறுத்திக்கொள்வோம். நான் நன்றாகப் பாடுவேன். இதைச் சொல்ல எனக்குக் கூச்சமில்லை. ஆனால் என்னுடையது கனத்த கீழ்க்குரல். போனில் பேசினால், "சார், வீட்ல மேடம் இருக்காங்களா?" என்று கேட்பார்கள்.

எங்கள் தொழிற்சாலையில் வருஷத்துக்கு ஒரு தடவை குடும்ப விழா நடக்கும். பந்தல், பிரியாணி, கோலப் போட்டி, அப்புறம் பாட்டு. பாட்டுக்கு வாத்தியக் குழு கிடையாது. குரலை நீக்கிவிட்டு இசை மட்டும் இருக்கும் கரோக்கியைப் பென் டிரைவில் நாமே கொண்டுபோய் ஆபீசில் கொடுத்துவிட வேண்டும். போன விழாவில் நான் ஒரு பழைய சினிமாப் பாட்டுக்குப் பேர் கொடுத்தேன். கரோக்கி இணையத்தில் கிடைத்தது. ஆனால் அது சினிமாவில் பாடிய பாடகியின் சுருதியில் இருந்தது. பல்லவியை எப்படியோ தள்ளிவிட்டேன். சரணத்தில் குரல் மேலே ஏற வேண்டிய இடத்தில் ஏறாமல், நடுவழியில் உடைந்து, மைக் வழியாக ஒரு ஆட்டோ ஹாரன் சத்தம் போயிற்று. பந்தல் மொத்தமும் சிரித்தது. என் லைன் பெண்களும் சிரித்தார்கள். அதெல்லாம்கூடப் போகட்டும். இரண்டாவது வரிசையில் என் கணவர் உட்கார்ந்து, கண்ணில் தண்ணீர் வர, பக்கத்தில் இருந்த யாரோ ஒருவரின் தொடையைத் தட்டித் தட்டிச் சிரித்துக்கொண்டிருந்தார்.

இதைப் பற்றி நான் வீட்டில் ஒரு வார்த்தை பேசவில்லை. ரசத்தில் மட்டும் கொஞ்ச நாள் உப்பு இல்லை. அவர் அதையும் படித்துப் புரிந்துகொள்ளவில்லை.

இந்த வருஷம் மறுபடி பேர் கொடுத்தேன். வேறு பாட்டு எடுத்துக்கொள்ளச் சொல்லி லைனில் எல்லாரும் சொன்னார்கள். எனக்கு அந்தப் பாட்டுதான் வேண்டும். அதே மேடையில், அதே பந்தலுக்கு முன்னால், என் சுருதியில் பாடிவிட்டு இறங்க வேண்டும். நான் உயிரோடு இருக்கும்வரை அந்தச் சிரிப்பு என் காதில் இருக்கக் கூடாது என்று நினைத்தேன். பென் டிரைவ் கொடுக்கக் கடைசி நாள் சனிக்கிழமை.

எங்களுக்கு மேல் மாடியில் ஆனேக்கல்லிலிருந்து வந்த குடும்பம் குடியிருக்கிறது. அந்த வீட்டுக்காரி பஜனைக் குழுவில் பாடுகிறவள். என்னோடு தமிழில்தான் பேசுவாள், நடுநடுவே கன்னடம் வந்து உட்கார்ந்துகொள்ளும். ஞாயிற்றுக்கிழமை அவள் தன்னுடைய ப்ளூடூத் ஸ்பீக்கரைத் தூக்கிக்கொண்டு கீழே வந்தாள். எங்கள் வீட்டுக் கம்ப்யூட்டரோடு வந்த ஸ்பீக்கர் எதைப் போட்டாலும் கரகரவென்று அப்பளம் நொறுக்குவதால், இதில் கேட்டால்தான் சுருதி சரியாகத் தெரியும் என்றாள். அந்தக் கம்ப்யூட்டர் என் மகளுக்காகப் பழையதாக வாங்கியது. அவள் பர்கூரில் இன்ஜினியரிங் சேர்ந்து ஹாஸ்டலுக்குப் போன பிறகு, துண்டு போர்த்திக்கொண்டு மூலையில் கிடந்தது. மாடி வீட்டுக்காரி துண்டை எடுத்து, ஸ்பீக்கரை இணைத்து, கரோக்கியைப் போட்டு, என்னைப் பாடச் சொல்லிக் கண்ணை மூடிக் கேட்டாள்.

"அக்கா, டிராக் அஞ்சரைக் கட்டை. நீங்க மூணு கட்டை. சொல்ப கூட, கொஞ்சங்கூட மேல போகாது" என்றாள். "கறுப்புக் கட்டையையும் சேத்து எண்ணி டிராக்க நாலு படி இறக்கணும். அவ்வளவுதான், உங்க வாய்ஸ்ல ஒண்ணும் குத்தமில்ல."

என் வாழ்க்கையில் ஒரு டாக்டர்கூட எனக்கு இவ்வளவு நல்ல செய்தி சொன்னதில்லை. குரலில் குற்றமில்லை, இசையைத்தான் இறக்க வேண்டும். உடனே மகளுக்குப் போன் போட்டேன்.

"அதுக்கு இலவசமாவே சாப்ட்வேர் இருக்கும்மா. லிங்க் அனுப்பறேன். எறக்கி, எல்லாத்துக்கும் நெக்ஸ்ட் நெக்ஸ்ட்னு குடுத்துட்டே போ, முடிஞ்சுது" என்றாள்.

லிங்க் வந்தது. திரை முழுக்க இங்கிலீஷ். அந்த நேரம் பார்த்து வீட்டில் இங்கிலீஷ் படிக்கத் தெரிந்த மனிதர் ஒருவர் சும்மா உட்கார்ந்து பேப்பர் புரட்டிக்கொண்டிருந்தார். "ஏங்க, இதக் கொஞ்சம் போட்டுக் குடுங்க" என்று கூப்பிட்டேன்.

அவர் முதல் நெக்ஸ்ட் கொடுத்தார். அடுத்து ஒரு பெரிய கட்டம் வந்து, அதற்குள் பொடி எழுத்தில் மளமளவென்று ஏதோ ஓடியது. கீழே இரண்டு வட்டம். ஒன்று, ஒப்புக்கொள்கிறேன். இன்னொன்று, ஒப்புக்கொள்ளவில்லை. என் கணவர் மவுஸிலிருந்து கையை எடுத்துவிட்டார்.

"இது என்னா, ஒப்பந்தமா?"

"ஏதோ இருக்கும். மொதல் வட்டத்த அமுக்குங்க."

"படிக்காமயா?"

அவர் எழுந்து போய்க் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு வந்தார். நாற்காலியை இழுத்துப் போட்டார். முதல் எழுத்திலிருந்து ஆரம்பித்தார். நான் மாவு அரைத்து, துணி காயப்போட்டு, மறுபடி எட்டிப் பார்த்தபோது பாதியில் இருந்தார். முகம் சிவந்திருந்தது.

"எந்த உத்தரவாதமும் கெடையாதாம். நமக்கு என்னா நஷ்டம் வந்தாலும் அவன் பொறுப்பில்லையாம். இன்னொண்ணு பாரு, நோட்டீஸ் குடுக்காமயே எத வேணா மாத்துவானாம். நோட்டீஸ் குடுக்காம வேலை நெலமைய மாத்தக் கூடாதுன்னு சட்டமே இருக்குது."

"நமக்கு என்னா வேலை நெலமை? ஒரு பாட்ட இறக்கப் போறோம்."

"இன்னைக்குப் பாட்டு. நாளைக்கு?"

நாளைக்கு என்ன என்று எனக்கும் தெரியவில்லை, அவருக்கும் தெரியவில்லை. அவர் ஒப்புக்கொள்ளவில்லை என்ற வட்டத்தை அமுக்கினார். கட்டம் சட்டென்று மூடிக்கொண்டு, திரையில் மகளின் பள்ளிக்கூடக் குரூப் போட்டோ மட்டும் நின்றது. அவர் முகத்தில் ஒரு வெற்றிக் களை.

"பாத்தியா? எழுந்து போயிட்டான். இது மொத ரவுண்டுதான். நாளைக்கு அவனே எறங்கி வருவான்."

திங்கட்கிழமை முதல் ஷிப்டு முடிந்து வந்து, கை கால் கழுவி, இரண்டாவது சுற்றுப் பேச்சுவார்த்தைக்கு உட்கார்ந்தார். அதே கட்டம், அதே எழுத்து. அவன் ஒரு எழுத்துகூட இறங்கி வரவில்லை. என் கணவர் அதே இடங்களில் அதே ஆட்சேபங்களைச் சத்தமாகச் சொல்லி, அதே வட்டத்தை அமுக்கிவிட்டு எழுந்தார். "அழுத்தக்காரன்" என்றார், கொஞ்சம் மரியாதையோடு. செவ்வாயும் அப்படியே. அந்த மென்பொருளை எழுதியவர்கள் எந்தத் தேசத்தில் இருக்கிறார்களோ, ஓசூரில் ஒருவர் தினமும் அவர்களை எதிர்த்து வெளிநடப்புச் செய்துகொண்டிருப்பது அவர்களுக்குத் தெரிந்திருக்க வழியில்லை.

"உலகத்துல எல்லாரும் ஒத்துகினு பாட்டு போட்டுகினு இருக்காங்க" என்றேன்.

"எல்லாரும் ஒத்துகினாங்கன்னு நாமளும் ஒத்துகினுதான் போன தபா ஒப்பந்தத்துல கேன்டீன் முட்டை போச்சு."

புதன்கிழமை அவர், "அவசரப்படாத. இழுக்க இழுக்கத்தான் நமக்கு லாபம்" என்றபோது, தட்டை நான் வைத்த வேகத்தில் அப்பளம் மட்டும் தனியாகப் பறந்து போயிற்று. யாருக்கு லாபம்? சனிக்கிழமை வந்தால் என் பேரை அடித்துவிடுவார்கள்.

வியாழக்கிழமை எங்கள் தொழிற்சாலையில் சரக்குக் கணக்கெடுப்பு. லைன் ஓடாது, எங்களுக்கு லீவு. அவர் முதல் ஷிப்டுக்குப் போனதும் நான் கம்ப்யூட்டருக்கு முன்னால் உட்கார்ந்தேன். அந்தக் கட்டம் வந்தது. ஒரு எழுத்தைக்கூடப் பார்க்காமல் முதல் வட்டத்தை அமுக்கினேன். ஒயரில் முத்திரை குத்துகிற விரல் இது, தயங்கத் தெரியாது. பச்சைக் கோடு ஒன்று ஊர்ந்து போய் முடிந்தது. பூமி பிளக்கவில்லை.

இசை மென்பொருள் என்பதால் உள்ளே ஒரு வீணைப் படமாவது இருக்கும் என்று எதிர்பார்த்தேன். ஆஸ்பத்திரியில் நெஞ்சுக்கு எடுக்கிற வரைபடம் மாதிரி நீலக் கோடு ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. என் பாட்டு அதுதானாம். மேலே ஏகப்பட்ட பட்டன்கள். மகள் வகுப்பில் இருந்ததால் போனை எடுக்கவில்லை. நானே ஒவ்வொரு பட்டியாகத் திறந்து, இங்கிலீஷை எழுத்துக் கூட்டிப் பார்த்தேன். ஒரு இடத்தில் வேகம் என்று போட்டிருந்தது. அதைக் குறைத்தேன். சுருதி இறங்கியது, வாஸ்தவம். கூடவே பாட்டும் நொண்டியடித்து, அஞ்செட்டி மலை ஏறும் பழைய லாரியைப்போல் முக்கியது. அந்த வேகத்தில் பாடினால் நான் முடிப்பதற்குள் பிரியாணி தீர்ந்துவிடும். வேகத்தை விட்டுவிட்டுச் சுருதிக்கான இடத்தைத் தேடிக் கண்டுபிடித்து நாலு என்று அடித்தேன். அணில்கள் கூட்டமாகக் கல்யாணம் பண்ணிக்கொண்ட மாதிரி கேட்டது. மேலே போயிருக்கிறது. நாலுக்கு முன்னால் ஒரு கழித்தல் கோடு போட வேண்டும் என்று எனக்கு உறைத்தபோது வெயில் ஜன்னலுக்கு வந்துவிட்டது.

போட்டேன். பாட்டு அழகாக இறங்கி வந்து எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்தது. நான் மெல்லச் சேர்ந்து பாடினேன். சரணத்தில் அந்த இடம் வந்தது. குரல் போயிற்று, உடையாமல் போயிற்று. அப்பளம் நொறுக்கும் ஸ்பீக்கரில்தான் கேட்டேன், ஆனாலும் எனக்குக் கண் கலங்கிவிட்டது.

அந்த நேரம் பார்த்து அவர் ஷிப்டு முடிந்து உள்ளே வந்தார். திரையைப் பார்த்தார்.

"யாரு ஒத்துகினது?"

"நான்தான்."

"எந்த அதிகாரத்துல?"

"இந்த வீட்டு அதிகாரத்துல."

"பேச்சுவார்த்தை நடக்கும்போதே பின்வாசல் வழியாப் போய்க் கையெழுத்துப் போட்டுட்ட" என்றார். அவர் வாயில் இதைவிடக் கெட்ட வார்த்தை கிடையாது. இனிமேல் அந்தக் கம்ப்யூட்டர் விஷயத்தில் தன்னுடைய ஒத்துழைப்புக் கிடையாது என்று அறிவித்துவிட்டு, சாப்பிட்டு முடித்து, சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போனார். சாப்பாட்டுக்கு மட்டும் ஒத்துழைத்தார். டீக்கடைக்குப் போகிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

நான் விடவில்லை. என் குரலையும் இசையையும் சேர்த்துப் பதிவு பண்ணிக் கேட்டுப் பார்த்தால், எங்கே இடிக்கிறது என்று தெரியும் அல்லவா? பாகலூர் ரோட்டில் வாங்கிய ஒரு சின்ன மைக் இருந்தது. அதைச் சொருகி, பல்லவியைப் பாடிப் பதிவு செய்து, ஓட்டினேன். சத்தமே இல்லை. கோடு ஏறி இறங்குகிறது, காதில் ஒன்றும் விழவில்லை. மத்தியானம்வரை பேசிக்கொண்டிருந்த ஸ்பீக்கர் ஊமையாகிவிட்டது. அவருடைய சாபம்தான் என்று நினைத்தேன். சத்தத்தை முழுக்கக் கூட்டினேன். மறுபடி பாடி ஓட்டினேன். இல்லை. "ஹலோ, ஹலோ, மைக் செக்" என்று பதிவு பண்ணி ஓட்டினேன். இல்லை. கம்ப்யூட்டரைப் பார்த்து, "ஏண்டா, காலையில நல்லாத்தானே இருந்த, உனக்கு என்னா கேடு வந்துச்சு" என்று கேட்டு, அதையும் ஓட்டினேன்.

எனக்குப் பொறுமை போய்விட்டது. மைக் கையில் இருக்கிறது, யாரும் கேட்கப் போவதில்லை. வருஷக்கணக்காக உள்ளே கிடந்தது எல்லாம் வாய்க்கு வந்துவிட்டது.

"முந்நூறு பேருக்காகப் பேசற வாயி, பொண்டாட்டிக்காக ஒரு வட்டத்த அமுக்கல. அன்னைக்கு மேடையில என் கொரல் ஒடஞ்சப்ப ஊரே சிரிச்சுது. சிரிக்கட்டும். இவுரு என்னாத்துக்குச் சிரிச்சாரு? தொடையத் தட்டித் தட்டிச் சிரிச்சாரே, அது என்னா தொடை? நான் அழுதா இவுருக்கு என்னா வந்துச்சு?"

இதையும் முழுச் சத்தத்தில் ஓட்டினேன். வழக்கம்போல் அறை அமைதியாக இருந்தது. மாடிப்படியில் மட்டும் தடதடவென்று யாரோ இறங்கி வருகிற சத்தம். மாடி வீட்டுக்காரி வாசலில் வந்து நின்றாள். கையில் கற்பூரத் தட்டு.

"அக்கா, சொல்ப வால்யூம் கம்மி பண்ணுங்க."

"இங்க வால்யூமே வரலியே."

"இங்க வரல. எங்க வீட்ல வருது. பஜனை போடலாம்னு சாமி முன்னாடி ஸ்பீக்கர ஆன் பண்ணேன். மொதல்ல பாட்டு வந்துது, சென்னாகிதே, நல்லாருக்குன்னு தட்டுல பூவெல்லாம் வெச்சேன். அப்புறம் ஹலோ ஹலோன்னுது. இப்ப உங்க வீட்டுக்காரரத் திட்டுது."

ஞாயிற்றுக்கிழமை இணைத்த ஸ்பீக்கரை எங்கள் கம்ப்யூட்டர் மறக்காமல் வைத்திருந்து, அதற்கு உயிர் வந்ததும் எல்லாச் சத்தத்தையும் மாடிக்கு அனுப்பிவிட்டிருக்கிறது.

"உங்க வீட்ல யாராவது கேட்டாங்களா?" என்றேன்.

"நாங்க ரெண்டு பேரு" என்றாள். கொஞ்சம் தயங்கி, "அப்புறம் உங்க வீட்டுக்காரரு. காபி குடிக்க வந்தாரு. இன்னும் குடிக்கல" என்றாள்.

அவளுக்குப் பின்னால் அவர் படி இறங்கி வந்தார். அவள் கற்பூரத் தட்டோடு நழுவிவிட்டாள். அவர் உள்ளே வந்து, நாற்காலியில் உட்காராமல் சுவர் ஓரமாக நின்றார். நிர்வாகத்துக்கு முன்னால்கூட அவர் அப்படி நின்றிருக்க மாட்டார்.

"வேணும்னுதான் இழுத்தேன்" என்றார். "சனிக்கெழமை தாண்டிட்டா நீ பாட வேண்டியதில்லன்னு பாத்தேன்."

"ஏன்?"

"மறுபடி சிரிப்பாங்க."

"நீங்களும் சேந்து சிரிங்க. தொடை இருக்குது."

அவர் கண்ணாடியைக் கழற்றிச் சட்டையில் துடைத்தார். அப்புறம் சொன்னார்: "அன்னைக்கு எல்லாரும் சிரிக்கும்போது நான் மட்டும் சும்மா இருந்தா, உன் புருசன்னு தெரிஞ்சிடும்னு சிரிச்சேன்."

எனக்குக் கோபம் தலைக்கு ஏறியது. அடிக்க ஏதாவது கிடைக்குமா என்று தேடினேன், மைக்தான் கிடைத்தது, அது ஒயரோடு இருந்தது. அழுகையும் வந்தது. இத்தனை நாள் நான் சிரிப்பு என்று நினைத்துக்கொண்டிருந்தது சிரிப்பு இல்லை, அதைவிட மோசம். இந்த மனிதருக்கு என்னைத் தெரிந்தவராகக் காட்டிக்கொள்ள அந்தப் பந்தலில் வெட்கமாக இருந்திருக்கிறது.

"சரி. கோரிக்கை என்னான்னு சொல்லு" என்றார்.

கல்யாணம் ஆன நாளிலிருந்து அவர் என்னிடம் இதைக் கேட்டதில்லை. முந்நூறு பேரிடமும் கேட்பார். நான் முகத்தைத் துடைத்துக்கொண்டேன்.

"ஒண்ணே ஒண்ணுதான். இந்தத் தபா நான் பாடும்போது, நீங்க என் புருசன்னு அந்தப் பந்தல்ல எல்லாருக்கும் தெரியணும்."

நான் வழக்கமான காத்திருப்புக்குத் தயாராகிக் கொண்டேன். அவர், "சரி" என்றார். அவ்வளவுதான். ஒரு தடவை படித்துப் பார்க்கக்கூட இல்லை. பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, சத்தத்தை மாடியிலிருந்து கீழே கொண்டுவருவது எப்படி என்று இங்கிலீஷில் தேட ஆரம்பித்தார். வெள்ளிக்கிழமை சாயந்தரம் இருவருமாகக் கரோக்கியைப் பென் டிரைவில் ஏற்றி, ஓட்டிப் பார்த்து, மறுபடி ஓட்டிப் பார்த்து முடித்தோம். இசை வருகிறது, திட்டு வரவில்லை என்று அவர்தான் கடைசிவரை கேட்டு உறுதி செய்தார்.

விழா அன்று எதுவும் நேரத்துக்கு நடக்கவில்லை. சானமாவுப் பக்கம் யானைகள் ரோட்டைக் கடக்கின்றன என்று ராயக்கோட்டை பஸ் நின்றுவிட்டது. கோலப் போட்டிக்காரிகள் பாதிப் பேர் அந்தப் பஸ்ஸில் இருந்ததால் பாட்டை முன்னால் தள்ளிவிட்டார்கள். நான் தலையில் வைத்த பூவைச் சரிபண்ணிக் கொண்டிருந்தபோதே மைக்கில் என் பேரைக் கூப்பிட்டார்கள். மேடையில் ஏறி, முதல் வேலையாக இரண்டாவது வரிசையைப் பார்த்தேன். அவர் நாற்காலியில் கைக்குட்டை மட்டும் இருந்தது. ஆளைக் காணோம்.

எனக்கு எப்படி இருந்திருக்கும் என்று கேட்காதீர்கள். இந்த மனிதரை நம்பினேனே என்று மேடையில் நின்றபடியே பல்லைக் கடித்தேன். அதற்குள் இசை ஆரம்பித்துவிட்டது. கேட்டதும் எனக்குத் தெரிந்துவிட்டது. அது என் சுருதி இல்லை. பழைய அஞ்சரைக் கட்டைக்கே ஏறிப்போய் நின்றது. பாட வேண்டிய இடம் வந்தது, நான் வாயைத் திறக்கவில்லை. முன்வரிசையில் யாரோ சிரிக்க ஆரம்பித்தார்கள். போன தடவையை ஞாபகம் வைத்திருந்தவர்கள் அவர்கள்.

இசை சட்டென்று நின்றது. பந்தலின் பின்கோடியில், சவுண்டு மேசைக்குப் பக்கத்தில், வெள்ளைச் சட்டையில் என் கணவர் நின்றுகொண்டிருந்தார். கையெழுத்தான ஒப்பந்தம் அமலாகிறதா என்று பக்கத்தில் நின்று பார்ப்பது அவர் வழக்கம். சவுண்டுக்காரர் லேப்டாப்பைத் தன் பக்கம் இழுத்தார், இவர் இந்தப் பக்கம் இழுத்தார்.

"லேடீஸ் பாட்டு சார், டிராக் ரொம்பக் கம்மியா இருந்துது, அதான் ஏத்திக் குடுத்தேன்" என்று சவுண்டுக்காரர் சொன்னது எனக்கு லேசாகத்தான் கேட்டது. என் கணவர் சொன்னது நன்றாகக் கேட்டது. தொழிற்சாலை வாசலில் மைக் இல்லாமல் பேசிப் பழகிய குரல் அது.

"அவ என் பொண்டாட்டி. அவ சுருதி அதுதான். கைய எடு."

பந்தலில் இருந்த அத்தனை தலையும் அவரைத் திரும்பிப் பார்த்தன. எங்கள் மேனேஜர் எழுந்து நின்றுவிட்டார். என் கணவர் யாரையும் கண்டுகொள்ளாமல், லேப்டாப்பின் மேல் ஒரு கையை வைத்துக்கொண்டு, இன்னொரு கையால் எனக்குப் பாடு என்று காட்டினார்.

இசை முதலிலிருந்து வந்தது. நாலு படி கீழே, என் குரலுக்குப் பக்கத்தில். அவர் சொன்னதற்குப் பந்தல் சிரித்தது எனக்குத் தெரியும், காதால் கேட்டேன். என் பாட்டுக்குச் சிரித்தார்களா என்று இன்றுவரை தெரியாது. நான் முழுப் பாட்டையும் சவுண்டு மேசையைப் பார்த்துக்கொண்டே பாடினேன்.